இரண்டு மைலுக்கு ஒரு ஓவர்சியர்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கா போய்விட்டு வந்தவர்களை இந்த மேடையில் ஏற்றிப் பேச வைப்பது நம் சங்கத்தில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. செயலாளர் என்னைக் கூப்பிடும்போதே, "நயாகராவும் பிட்ஸ்பர்க் கோயிலும் வேண்டாம் ஸார், நாலைந்து பேர் பேசியாகிவிட்டது" என்று எச்சரித்துவிட்டார். எனக்கும் அதில் சம்மதமே. நான் பேசப் போவது ஒரு சனிக்கிழமையைப் பற்றி. அன்று காலை எட்டரை மணியிலிருந்து மாலை மூன்று மணி வரை வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு மலைப்பாதையில், கையில் மண்வெட்டியுடன் நின்றேன். இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், வடகிழக்கிலிருந்து தென்மேற்காக அப்பலாச்சியன் என்ற மலைத்தொடர் ஓடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போலவே வயதில் மிகப் பழையது, தேய்ந்து உருண்டது. அதன் முதுகின் மேலேயே ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் மலை வரை 14 மாநிலங்களைக் கடக்கிறது. நீளம் சுமார் 2,190 மைல், அதாவது 3,500 கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை உள்ள தூரம். இதற்கு அப்பலாச்சியன் டிரெயில் என்று பெயர்.

இதில் வண்டி போக முடியாது. கால்நடையாக மட்டுமே போகலாம். வழிகாட்ட மரங்களிலும் பாறைகளிலும் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள். பட்டை ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இருந்தால், பாதை திரும்புகிறது, ஜாக்கிரதை என்று அர்த்தம். ஒரு நாள் நடையில் எட்டக்கூடிய தூரத்தில் மூன்று பக்கம் சுவரும் ஒரு கூரையும் கொண்ட தங்குமிடங்கள், மொத்தம் 250க்கு மேல். ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் ஒரே மூச்சில் முழுவதையும் நடப்பது என்று கிளம்புகிறார்கள். நாலில் ஒருவர்தான் முடிக்கிறார்.

இதெல்லாம் சுற்றுலாப் புத்தகத்திலேயே இருக்கும். நான் ரிடையரான அரசாங்க ஆசாமி. எனக்கு முதலில் தோன்றிய கேள்வி வேறு. இவ்வளவு நீளப் பாதையை யார் பராமரிக்கிறார்கள்? எந்தத் தலைப்பில் பணம் வருகிறது? இதை என் மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்பா, வர்ற சனிக்கிழமை என்னோட வாங்க, நேரிலேயே பாருங்க" என்றார். அவர் அங்குள்ள மலைநடை மன்றத்தில் உறுப்பினர் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பாதை வந்த கதை

முதலில் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்டன் மக்காய் என்பவர் காட்டியல் படித்தவர். 1921 அக்டோபரில் கட்டடக் கலைஞர்களின் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். தொழில் நகரங்களில் அடைந்து கிடக்கும் ஜனங்களுக்கு மலைமேல் ஒரு மூச்சுவிடும் இடம் வேண்டும், அதற்கு நீண்ட பாதை ஒன்றை மக்களே போடலாம் என்பது அவருடைய யோசனை. 1925 மார்ச்சில் வாஷிங்டனில் கூடி ஒரு அமைப்பு ஏற்படுத்தினார்கள். யோசனை பிரமாதம், ஆனால் வேலை நகரவில்லை. நமக்கு இது பழக்கமான நிலைமைதான்.

அதை நகர்த்தியவர் மைரன் ஏவரி என்ற வக்கீல். 1927ல் வாஷிங்டனில் பொட்டோமாக் அப்பலாச்சியன் டிரெயில் கிளப் என்ற மன்றம் தொடங்கியபோது அதன் தலைவரானார். 1931 முதல் 1952 வரை தாய் அமைப்புக்கும் அவரே தலைவர். சைக்கிள் சக்கரம் ஒன்றில் தூரமானியைப் பொருத்தி, அதைத் தள்ளிக்கொண்டே பாதை முழுவதையும் அளந்தார். 1936க்குள் பகுதி பகுதியாக முழுப் பாதையையும் நடந்து முடித்த முதல் மனிதர் அவர்தான். 1937 ஆகஸ்ட் 14ந் தேதி மெய்ன் மாநிலத்தில் கடைசித் துண்டு இணைந்தது. கட்டுரை எழுதி 16 வருஷம்.

கனவு கண்டவரும் காரியம் செய்தவரும் இதற்குள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஷெனாண்டோவா மலை முகட்டில் அரசாங்கம் கார் சாலை போட்டது. பாதையின் அமைதியே போய்விடும், எதிர்க்க வேண்டும் என்றார் மக்காய். சாலை வந்தே தீரும், பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டால் பாதையாவது மிஞ்சும் என்றார் ஏவரி. 1935 வாக்கில் கடிதங்களில் கடுமையான வார்த்தைகள் பரிமாறிக்கொண்டு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மக்காய் விலகிப் போய், காடுகளைக் காக்க 1935ல் தொடங்கிய வேறொரு சங்கத்தின் ஸ்தாபகர்களில் ஒருவரானார். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சங்கம் நடத்துகிறவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. 1937ல் முடிந்த பாதை அடுத்த வருஷமே அறுந்தது. 1938ல் வந்த பெரும் புயல் வடக்கே மரங்களைச் சாய்த்தது. தெற்கே புதுச் சாலைகள் பாதையின் இடத்தை எடுத்துக்கொண்டன. பிறகு உலக யுத்தம். மண்வெட்டி பிடித்த இளைஞர்கள் துப்பாக்கி பிடிக்கப் போனார்கள். ஏழெட்டு வருஷம் கவனிப்பார் இல்லை. புதர் மண்டி, வெள்ளைப் பட்டை மறைந்து, பல இடங்களில் பாதை இருந்த சுவடே இல்லை. 16 வருஷ உழைப்பு சில வருஷங்களில் போய்விட்டது. ஏவரியும் மன்றங்களும் மறுபடி உட்கார்ந்து, 1951ல்தான் அதைத் திரும்பவும் தொடர்ச்சியாக ஆக்கினார்கள். அடுத்த வருஷம் ஏவரி காலமானார். வயது 52தான்.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்காக இன்னொரு விஷயம். 1955ல் எம்மா கேட்வுட் என்ற பாட்டி, வயது 67, பதினொரு குழந்தைகளைப் பெற்று வளர்த்தவர், இந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை. கூடாரம்கூடக் கிடையாது. பத்திரிகையில் இந்தப் பாதையைப் பற்றி ஆஹா ஓஹோ என்று படித்துவிட்டுப் போனவர் அவர். நேரில் போனால் பல இடங்களில் புதர், விழுந்த மரம், அரித்துப்போன மண். பாதை முடிந்ததும் நிருபர்களிடம் பாராட்டிப் பேசவில்லை. பராமரிப்பு மோசம் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். நாடே அதைப் படித்தது. மன்றங்களுக்கும் அது உறைத்தது. ஒரு ஆடிட் ரிப்போர்ட் சாதிக்காததை அந்தப் பாட்டி சாதித்தார். 1957ல் மறுபடி முழுவதும் நடந்தார்.

யார் பராமரிக்கிறார்கள்?

1968 அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் இது தேசியப் பாதையாயிற்று. அரசாங்கம் இருபுறமும் நிலம் வாங்கியது. இன்று 99 சதவீதத்துக்கு மேல் பொது நிலத்தில் போகிறது. ஆனால் நிலம் வாங்கின அரசாங்கம், பராமரிப்புக்கு இலாகா ஒன்றை உண்டாக்கவில்லை. 1984ல் அந்த நிலத்தின் நிர்வாகப் பொறுப்பை ஒப்பந்தம் போட்டு தொண்டர் அமைப்பிடமே ஒப்படைத்தது. அதன் கீழ் சுமார் 30 மன்றங்கள். இந்த மலையிலிருந்து அந்த ஆறு வரை உங்களுடையது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. ஏவரி தொடங்கின பொட்டோமாக் மன்றத்துக்கு மட்டும் 240 மைல்.

மன்றம் அந்த 240 மைலையும் கூட்டாகப் பார்த்துக்கொள்வதில்லை. அப்படி விட்டால் என்னாகும் என்று அவர்களுக்குத் தெரியும். சிறு சிறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு மைல், இரண்டு மைல், அவ்வளவுதான். அந்தப் பொறுப்பாளருக்கு என்ன பதவிப் பெயர் தெரியுமா? ஓவர்சியர்! நம் பொதுப்பணித் துறையில் நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட அதே ஓவர்சியர். ஒரு வித்தியாசம், இவருக்குச் சம்பளம் கிடையாது, போக்குவரத்துப் படியும் கிடையாது.

அந்த ஓவர்சியர் வருஷத்தில் பல தடவை தன் துண்டை நடந்து பார்க்க வேண்டும். விழுந்த கிளைகளை அகற்ற வேண்டும். கோடையில் பாதையை மூடும் களையை வெட்ட வேண்டும். மங்கிய பட்டைக்கு வெள்ளை அடிக்க வேண்டும். பெரிய மரம் விழுந்திருந்தால் தகவல் கொடுக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான் இயந்திர ரம்பத்தோடு வருவார்கள். இயந்திரமே கூடாது என்று சட்டம் காக்கும் வனப்பகுதிகளில், இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்கும் பழைய ரம்பம்தான்.

கோவிட்டுக்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 6,000 தொண்டர்கள் 2 லட்சம் மணி நேரத்துக்கு மேல் இந்தப் பாதையில் உழைத்தார்கள். என் பழைய புத்தி போகுமா, உடனே கணக்குப் போட்டேன். முழுநேர ஊழியர் ஒருவரின் ஆண்டு வேலை சுமார் 2,000 மணி நேரம். ஆக 100 பேர் செய்ய வேண்டிய வேலை. அதை 6,000 பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஆளுக்கு வருஷத்துக்கு 33 மணி நேரம்தான். மாதத்துக்கு மூன்று மணிகூட ஆகவில்லை.

தண்ணீர் செய்யும் வேலை

2024 அக்டோபர் மாதம். இலைகள் சிவந்து உதிரும் காலம். பாதைக்கு நாங்கள் ஏழு பேர் போனோம். அந்தத் துண்டின் ஓவர்சியருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியராக இருந்து ரிடையரானவர். நானும் பி.எஸ்ஸி. பௌதிகம் என்றதும் அவருக்குப் பரம சந்தோஷம். என்னைக் கல்லில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்கச் சொல்வார் என்று நினைத்தேன். கையுறை ஒரு ஜோடி, தலைக்கவசம், மண்வெட்டி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கொடுத்த வேலை மடைத்தடுப்புகளைச் சுத்தம் செய்வது. அங்கே வாட்டர்பார் என்கிறார்கள். சரிவான பாதையில் மழைத்தண்ணீர் பாதையையே வாய்க்காலாக எடுத்துக்கொண்டு கீழே ஓடும். அதைத் தடுக்க, பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு மரக்கட்டையையோ கல் வரிசையையோ புதைக்கிறார்கள். தண்ணீர் அதில் முட்டி, பக்கவாட்டில் திரும்பிச் சரிவில் இறங்கிவிடும். மிகச் சாதாரண ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு மழையிலும் அதன் பின்னால் மண் படியும். இலையுதிர் காலத்தில் இலை அடைக்கும். பள்ளம் தூர்ந்துவிட்டால் தண்ணீர் கட்டையைத் தாண்டிக் குதித்து நேரே ஓடும்.

ஓடினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் பௌதிகம் வருகிறது. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கோ நாலு மடங்கோ ஆவதில்லை, 64 மடங்காகிறது. வேகத்தின் ஆறாவது அடுக்கில் கூடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு தடுப்பில் நிற்காத தண்ணீர் அடுத்த தடுப்புக்கு அதிக வேகத்தோடு வருகிறது, அதையும் தாண்டுகிறது. மேலே ஒன்று அடைத்துக்கொண்டால் கீழே நாலு போய்விடும். பிறகு பாதை ஓடையாகும். ஓடையில் யார் நடப்பார்கள்? ஜனங்கள் ஓரமாக நடப்பார்கள், செடி மிதிபடும், அந்த மண்ணும் இளகி அதுவும் ஓடும். இரண்டு அடிப் பாதை பத்து அடிப் புண்ணாகிவிடும். அதைச் சரிசெய்யப் பெரிய குழு, கல், வாரக்கணக்கில் வேலை. இத்தனையையும் தடுப்பது, ஒரு மனிதர் அக்டோபரில் வந்து மண்வெட்டியால் பத்து நிமிஷம் இலையை வாரிவிட்டுப் போவது.

அன்று நான் ஆறு தடுப்புகளைச் சுத்தம் செய்தேன். நிமிர முடியாமல் மறுநாள் படுத்தது வேறு விஷயம்.

ஒரு பழைய ஃபைல்

மதியம் கல்லில் உட்கார்ந்து, மகள் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிடும்போது எனக்கு ஒரு பழைய ஃபைல் ஞாபகம் வந்தது. இதை நான் வெளியில் சொல்வது இதுதான் முதல் தடவை.

1990களின் தொடக்கத்தில் ஒரு மலை மாவட்டத்தில் நிதிப் பிரிவில் இருந்தேன். எந்த மாநிலம் என்பது வேண்டாம். மேலே உள்ள சில கிராமங்களைக் கடைத்தெருவோடும் பள்ளிக்கூடத்தோடும் இணைக்க, படிகளும் பக்கக் கால்வாயும் வைத்து நடைபாதை ஒன்று போடப்பட்டது. அது திட்டச் செலவு, பணம் தாராளமாக வந்தது, திறப்பு விழாவும் நடந்தது. வருஷா வருஷம் மழைக்கு முன் கால்வாயைத் தூர் வார இரண்டு கேங்மேன்களுக்கான கூலி, திட்டம் சாராத செலவு. அந்தக் காலத்தில் திட்டம் சாராத செலவு என்றாலே வீண் செலவு என்ற எண்ணம், பத்து சதவீதம் குறை, இருபது சதவீதம் குறை என்று மேலிடத்து உத்தரவு. அந்தக் கூலித் தலைப்பின் மேல் சிவப்புக் கோடு போட்டவன் நான். இரண்டு வருஷம் போட்டேன். இரண்டு வருஷமும் ஒன்றும் ஆகவில்லை. நான் சிக்கனமான அதிகாரி என்று பெயர் வாங்கினேன்.

மூன்றாவது வருஷ மழையில் கால்வாய் அடைத்து, தண்ணீர் பாதைமேல் ஏறி, ஒரு வளைவு அப்படியே சரிந்தது. நல்லவேளை, ராத்திரி நேரம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் பல மாதம் சுற்று வழியில் பள்ளிக்கூடம் போனார்கள். சில பெண் குழந்தைகள் போவதையே நிறுத்திவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். திரும்பக் கட்டின செலவு, நான் மிச்சம் பிடித்த தொகையைப்போலப் பல மடங்கு. காரணம் என்ற இடத்தில் "எதிர்பாராத கனமழை" என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

திட்டம், திட்டம் சாராதது என்ற அந்தப் பாகுபாட்டையே 2017-18 பட்ஜெட்டிலிருந்து மத்திய அரசு எடுத்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் மனதிலிருந்து எடுப்பதற்கு உத்தரவு போட முடியாது. கட்டினவன் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். தூர் வாரினவன் பெயர் மஸ்டர் ரோலில் மட்டும் இருக்கும், அதையும் சில வருஷத்தில் அழித்துவிடுவோம். அமெரிக்கக் காட்டில், என்னைவிட மூத்த ஒருவர் இலை வாருவதைப் பார்த்தபோது, அந்த இரண்டு கேங்மேன்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது உறுத்தியது.

அடுத்தது யார்?

அங்கே எல்லாம் சௌக்கியம் என்று நினைக்க வேண்டாம். அன்று வந்த ஏழு பேரில் நாலு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஓவர்சியரே அடுத்த வருஷத்தோடு விட்டுவிடப் போவதாகச் சொன்னார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆனால் வேலையோ கூடிக்கொண்டே போகிறது. 2002ல் மிச்சிகனில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, ஆசியாவிலிருந்து வந்தது, அங்குள்ள ஆஷ் மரங்களைக் காடு காடாகக் கொன்றிருக்கிறது. செத்த மரம் எப்போது பாதைமேல் விழும் என்று சொல்ல முடியாது. நாங்கள் போவதற்குச் சில வாரம் முன்னால்தான், செப்டம்பர் கடைசியில், ஹெலீன் புயல் தெற்குப் பகுதியைத் தாக்கி, பாதையில் சுமார் 430 மைலை மூட வேண்டியதாயிற்று. பாலங்கள் போயின, பாதையோர ஊர்களும் பாதிக்கப்பட்டன. அன்று சாப்பாட்டு நேரத்தில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். அடுத்த வசந்த காலத்துக்குள் அதில் மிகப் பெரும்பகுதியைத் திறந்துவிட்டார்கள். 1938ல் அறுந்தது 1951 வரை இணையவில்லை. இந்த முறை சில மாதங்களிலேயே பெரும்பகுதி நடக்கத் தக்கதாயிற்று. அரசாங்கப் பணமும் ஆட்களும் உதவினார்கள். ஆனால் எந்தத் துண்டில் எந்த இடத்தில் என்ன இருந்தது என்று அறிந்த மன்றத்து ஆட்கள் முன்பே இருந்தது பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

விட்டுவிடப் போகிறேன் என்ற ஓவர்சியர், அன்று தன்னோடு ஒரு காலேஜ் பெண்ணைக் கூடவே நடத்திச் சென்றார். ஒவ்வொரு தடுப்பிலும் நின்று, இது எந்த மாதத்தில் அடைக்கும், இங்கே எந்தப் பக்கம் மண் இளகும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டாள். அந்த நோட்டுதான் சார்ஜ் ஒப்படைப்பு.

நம் சங்கத்தில் இதற்கு என்ன சம்பந்தம் என்று சிலர் யோசிக்கலாம். சம்பந்தம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. இந்த ஹாலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வாசலில் சலவைக்கல்லில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். போன மழைக்கு மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாயை அரசிலை அடைத்து, தண்ணீர் தேங்கி, கீழே நூலகத்தில் இரண்டு அலமாரிப் புத்தகங்கள் நனைந்தன. செயற்குழுவில் காண்டிராக்டர் மேல் குற்றம், கட்டட டிசைன் மேல் குற்றம் என்று ஒரு மணி நேரம் விவாதித்தோம். இலையை எடுக்க வேண்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த வேலைக்கு எதிரே ஒரு பெயர் எழுதப்படவில்லை.

ஆகவே செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒரு காகிதம் எடுங்கள். மொட்டை மாடிக் குழாய், தண்ணீர்த் தொட்டி, நூலகம், தனியாக வசிக்கும் மூத்த உறுப்பினர்களுக்கு வாரம் ஒரு முறை போன் செய்வது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கமிட்டியின் பெயர் வேண்டாம், ஒரு மனிதரின் பெயர் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள இளையவர் ஒருவரின் பெயர். வருஷத்துக்கு ஆளுக்கு 33 மணி நேரம் போதும்.

முதல் வரியில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக் குழாய் என்னுடையது. படி ஏற இன்னும் இரண்டு மூன்று வருஷம் முழங்கால் தாங்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் பக்கத்துப் பெயரை நிரப்ப யாராவது முன்வாருங்கள், எந்த மாதம் எந்தப் பக்கத்துக் குழாய் அடைக்கும் என்று நோட்டில் எழுதி வைக்கிறேன்.